ஹாரன் கம்பெனியில் பாஸான லேப்டாப்

எங்கள் வீட்டுக்காரருக்குச் சம்பளம் கொடுத்ததே பொருள்களைச் சாகடிப்பதற்குத்தான். ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ஹாரன் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்ட் லேப் அவர் பொறுப்பில் இருந்தது. தயாராகி வருகிற ஹாரன்களில் ஒன்றிரண்டை எடுத்துப் போய், அது வாய் ஓயும்வரை அலற விடுவார்கள். சூட்டில் வைத்து அலற விடுவார்கள், தண்ணீர் தெளித்து அலற விடுவார்கள், குலுக்கிக்கொண்டே அலற விடுவார்கள். இத்தனை தடவை அலறிய பிறகும் உயிர் மிச்சம் இருந்தால் பாஸ். பாஸான அந்த ஹாரனைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதனோடு சேர்ந்து தயாரான மற்ற ஹாரன்கள் வண்டி ஏறிப் போகும். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் பாஷையில் லாட் என்று பெயர்.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே பழமொழி அதுதான், அதையும் கத்தித்தான் சொல்வார். பல வருஷம் அந்த அறையில் இருந்ததால், சாப்பிடும்போது உப்புக் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டில் டப்பா திறக்கும் சத்தம் கேட்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு ஒரு வேலை வருகிற மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நானும் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள்தான். மகள் பிறந்ததும் விட்டேன். "கொஞ்ச நாள்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அந்தக் கொஞ்ச நாள் முடிகிற வழியைக் காணோம். காலையில் அவர்கள் இருவரும் கிளம்பிப் போனதும் வீடு அப்படியே நின்றுவிடும். எனக்கு அந்த நேரத்தைக் கண்டால் பயமாகவே இருந்தது. வெளியே சொன்னால் "வீட்டுல சும்மா இருக்கறதுக்கு என்ன பயம்" என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வேலை, அஞ்செட்டி மலைக் கிராமங்களில். தேன்கனிக்கோட்டையில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனம், வீடு வீடாகப் போய் மாடு எத்தனை, தண்ணீர் எங்கே, தீவனம் எப்படி என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. முன்பு போனவர்கள் பஸ் இறங்கிய இடத்திலேயே டீ குடித்துக்கொண்டு ஒரு மலை முழுவதையும் எழுதி முடித்திருக்கிறார்கள். இல்லாத மாடுகள் காகிதத்தில் கன்று போட்டு, அந்தக் கன்றுகளும் சினையாகிவிட்டன. காசு கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் ஒருநாள் நேரில் வந்து மாட்டைத் தேடியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் சட்டம் வந்தது. அந்தந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏற்றி, ஏற்றியதை வீட்டுக்காரர்களுக்கு அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். டீக்கடையில் லேப்டாப்பையும் திறக்கலாமே என்று அந்த வெள்ளைக்காரர்களுக்குத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நம்பிய காலம்.

லேப்டாப்பை மட்டும் நாமே கொண்டுவர வேண்டும். மாசா மாசம் அதற்கு வாடகை தருவார்கள். ஆபீஸை நடத்திய மேடம் என்னிடம் நேராகவே சொன்னார். "உங்களை எனக்குப் புடிச்சிருக்குதும்மா. ஆனா கிருஷ்ணகிரியில ஒரு பையன் இருக்கான், அவங்க மாமா சிங்கப்பூர்ல இருந்து லேப்டாப் கொண்டாரப் போறாராம். ஒண்ணாந்தேதி யாரு மொதல்ல பொட்டியோட வந்து நிக்கறாங்களோ அவங்களுக்குத்தான் வேலை. மலையில மூணு மணி நேரமாவது பேட்டரி வரணும். அங்க கரண்ட் எப்ப வரும்னு கரண்டுக்கே தெரியாது."

ஆக, என் எதிர்காலம் ஒரு பேட்டரியிலும் ஒரு சிங்கப்பூர் மாமாவின் விமான டிக்கெட்டிலும் வந்து நின்றது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. "அஞ்செட்டிக்கு பஸ்ஸு கம்மியாச்சே" என்றார். "மழை வந்தா ரோடு இருக்குமா?" என்றார். "அந்தப் பக்கம் ஆனை எறங்குதுன்னாங்க" என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், "சரி, பொட்டி வாங்கறத எங்கிட்ட விட்டுரு. ஒரு பொருள எப்பிடி வாங்கறதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். தெருவே கேட்டது. நானும் நம்பினேன்.

புது லேப்டாப் வாங்குகிற பணத்தில் அன்று பாகலூர் ரோட்டில் ஒரு மனை வாங்கலாம். அந்த மனையை வாங்கியிருந்தால் என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவது உண்டு. எங்களால் முடிந்தது, நான் எடுத்த சீட்டுப் பணத்துக்குள் ஒரு பழைய பெட்டி. ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பஸ் ஏறினோம். நான், அவர், கூடவே லேபில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரிலேயே குடியேறிவிட்ட மனிதர், என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார்.

பழைய கம்ப்யூட்டர்களாக அடுக்கியிருந்த சந்துக் கடை அது. கடைக்காரர் கன்னடத்தில் விலை சொல்லி, தெலுங்கில் குறைத்து, தமிழில் சிரிப்பார். ஏதோ வெளிநாட்டு ஆபீஸ் கழித்துக் கட்டிய லேப்டாப் இரண்டு வைத்திருந்தார். இரண்டும் ஒரே மாதிரி, கறுப்பு, செங்கல் கனம். ஒன்று பளிச்சென்று இருந்தது. இன்னொன்றின் மூடியில் யார் வீட்டுப் பிள்ளையோ மஞ்சள் வாத்துப் படம் ஒட்டியிருந்தது. நான் வாத்துப் பெட்டியில் நாலு வரி தட்டிப் பார்த்தேன். விரலுக்கு இதமாக இருந்தது. எனக்கு அது போதும்.

இவர்களுக்குப் போதவில்லை. சட்டைப் பையிலிருந்து இஞ்சு ஸ்கேல் வந்தது. கூடவே இடுக்கு அளக்கிற மெல்லிய தகடுகள் வந்தன. மூடியின் கீலுக்குள் தகட்டை விட்டு எத்தனை ஆட்டம் என்று பார்த்தார்கள். திருநெல்வேலிக்காரர் லேப்டாப்பைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினார், தேங்காய் வாங்குகிறவர் மாதிரி.

"சார், லேப்டாப் பார்க்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

பேட்டரிக்கு உத்தரவாதம் உண்டா என்று இவர் கேட்டார்.

"பேட்டரிக்கும் மாப்பிள்ளைக்கும் கேரண்டி தர்றதில்லே சார். மூணு மணி நேரம் வருது, நானே பார்த்தேன். தகொள்ளி, எடுத்துக்குங்க."

அளவுகளின்படி பளிச்சென்று இருந்த பெட்டியே தேறியது. வாத்து ஒட்டியதில் கீல் ஒரு மயிரிழை கூடுதலாக ஆடுகிறதாம். எனக்கு மனசு வாத்தின் மேலேயே இருந்தது, ஆனாலும் தகடு வைத்து அளந்தவர்களிடம் எதைக் காட்டி வாதாடுவது?

வீட்டுக்கு வந்த லேப்டாப்பை நான் தொடுவதற்குள் சோதனை ஆரம்பித்துவிட்டது. முதலில் மேஜை மேல் திறந்து வைத்து, அது தானாக அணையும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, மூணு மணி நேரத்துக்கு மேலேயே வந்தது. "போதுமுங்களே" என்றேன். "ஒரு தடவை வர்றது பெருசில்ல. வந்துகிட்டே இருக்கணும்" என்றார். அடுத்து மெத்தை மேல் போட்டார். பிறகு பாய் மேல். மகளுக்கு ஒரே கொண்டாட்டம், "அப்பா, இன்னொருக்கா" என்று குதித்தாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டு மொபெட் கேரியரில் கட்டிக்கொண்டு தளி ரோட்டில் போனார். ரோட்டில் எங்கே குழி இருக்கிறதென்று தேடித் தேடி இறக்கி ஏற்றினாராம். திரும்பி வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். "முறையாப் பண்ணிரலாம்" என்று அதைக் கம்பெனிக்கே கொண்டுபோனார். எந்த வெளிப் பொருள் கம்பெனி கேட்டுக்குள் போக வேண்டுமென்றாலும் சீட்டு வேண்டும். சாம்பிள் என்று எழுதி, திரும்பி வர வேண்டியது என்று எழுதி, என் லேப்டாப் ஹாரன்களோடு ஹாரனாக உள்ளே போனது. போன பிறகு வரவில்லை. தினமும் சாயங்காலம் அவர் மொபெட் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போவேன். கேரியரில் சாப்பாட்டுக் கூடை மட்டும் இருக்கும்.

நடுவில் ஒருநாள் சந்தையில் திருநெல்வேலிக்காரரைப் பார்த்தேன். "என்னண்ணா பண்றீங்க என் பொட்டிய?" என்றேன்.

"இன்னிக்கு சூட்டுப் பெட்டிக்குள்ள வச்சிருக்கோம் மதினி. மலை வெயிலு தாங்கணும்லா. மூணு ஷிப்டுலயும் ஆளு போட்டுச் சார்ஜ் ஏத்துதோம், எறக்குதோம். அசரவே மாட்டேங்குது. அவசரப்படாதிய, நல்ல பொருள்."

அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கம்பெனி முழுவதும் அந்த லேப்டாப்பைப் பற்றித்தான் பேச்சாம். கேன்டீனில் அது எத்தனை சுற்றுத் தாங்கும் என்று பந்தயம் வேறு. மேடம் ஒரு தடவை போன் போட்டு விசாரித்தார். "டெஸ்ட்ல இருக்குது மேடம்" என்றேன், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிற மாதிரி. சிங்கப்பூர் மாமாவுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது என்றார் அவர்.

ஒண்ணாந்தேதிக்குச் சில நாள் முன்னால் லேப்டாப் வீடு திரும்பியது. மாலை போடாத குறைதான். திருநெல்வேலிக்காரரும் கூட வந்தார், கையில் ஸ்வீட் பாக்கெட். எங்கள் வீட்டுக்காரர் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டை என் முன்னால் விரித்தார். சூடு, பாஸ். குலுக்கல், பாஸ். விழுதல், பாஸ். பேட்டரி சார்ஜ் ஏற்றி இறக்கல், குறித்த சுற்றுகள் அத்தனையும் முடித்தது, பாஸ். கீழே சீல், கையெழுத்து. "ஏற்றுக்கொள்ளலாம்" என்று சிவப்பு மையில் ஒரு வரி.

நான் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, சார்ஜ் ஏற்றி, வயரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் வெளிச்சம் வந்தது. விண்டோஸின் அந்த ஜன்னல் படம் வந்தது. அது முழுசாக விரிவதற்குள் கறுப்பாகிவிட்டது. மறுபடி சார்ஜ் ஏற்றினோம். மறுபடி அதே இடத்தில் அணைந்தது.

"பேட்டரி போயிருச்சுங்க" என்றேன்.

"டெஸ்ட் பண்ண பீஸு அப்பிடித்தாம்மா இருக்கும். அது வழக்கந்தான். நாங்க அத ஸ்கிராப்ல போட்டுருவோம். லாட்டு ஓ.கே." வாயிலிருந்து வழக்கமாக வருகிற வார்த்தை, வழக்கமாக வந்துவிட்டது.

"எந்த லாட்டுங்க?"

அவர் என்னைப் பார்த்தார். திருநெல்வேலிக்காரர் ஸ்வீட் பாக்கெட்டைப் பார்த்தார்.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம், சரிங்க. இந்தப் பானையில இருந்ததே ஒரு சோறுதானுங்களே" என்றேன்.

திருநெல்வேலிக்காரர் "வாரேன் மதினி" என்று எழுந்தவர், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார். படித்த இரண்டு பேர், மூணு ஷிப்ட் ஆள்கள், அத்தனை மிஷின்கள். ஒருத்தருக்கும் இது வாங்கிய பொருள், விற்கிற பொருள் இல்லை என்று உறைக்கவில்லை. சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு அழுகைதான் வந்தது. அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். ஒண்ணாந்தேதி அந்தப் பையன் போய் நிற்பான். நான் மறுபடியும் அந்த நின்றுபோன வீட்டுக்குள் நிற்பேன்.

அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவர் பேசாமல் இருந்தால் வீடே வேறு வீடு மாதிரி இருக்கும்.

"உண்மையச் சொல்லுங்க" என்றேன். "நான் அஞ்செட்டிக்குப் போறது உங்களுக்குப் புடிக்கலீங்களா?"

"புடிக்காம இல்ல."

"பொறவு எதுக்கு இத்தன டெஸ்ட்டு?"

அவர் தரையைப் பார்த்தார். "பஸ்ஸு வுழுந்தா, வெயில் அடிச்சா, மழ வந்தா என்னாகும்னு ஒரே ரோசனையா இருந்துச்சு. ஒன்னயவா கொண்டாந்து மிஷின்ல வெக்க முடியும்? பொட்டியத்தான் வெக்க முடிஞ்சுது" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்பது கொஞ்சம் குழம்பிப்போனது.

மறுநாள் அவரும் மகளும் கிளம்பிப் போனதும், பாஸான லேப்டாப்பைப் பையில் போட்டேன். ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டேன். தனியாகப் பெங்களூர் பஸ் ஏறினேன். கடைக்காரருக்கு அடையாளம் தெரிந்தது.

"ஏனம்மா, மாப்பிள்ளை சரியில்லையா?" என்றார்.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பேட்டரி செத்துவிட்டது, கொன்றது நாங்கள்தான் என்றும் சொன்னேன். அவர் கல்லாவில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கை நீட்டி அந்த ரிப்போர்ட்டை வாங்கினார். படித்தார். சீலைத் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இது எங்கே இருக்கற கம்பெனி?"

"ஓசூரு."

"சூட்டுலே வெச்சாங்களா? கீழே போட்டாங்களா?"

"குழியிலயும் எறக்குனாங்க. அது ரிப்போர்ட்டுல இல்ல."

அவர் சுவரைப் பார்த்தார், எங்கே மாட்டலாம் என்று பார்க்கிற மாதிரி. "அம்மா, பேட்டரி போனா போகட்டும், அதை நான் மாத்திக்கறேன். பேப்பரை எங்கிட்டக் கொடுங்க. இந்த மாடல் இன்னும் வருது எனக்கு. பதிலுக்கு அந்த வாத்தை எடுத்துக்குங்க."

வாத்து இன்னும் விற்காமல் இருந்தது. கீல் ஒரு மயிரிழை ஆடிக்கொண்டு அதே அலமாரியில் உட்கார்ந்திருந்தது. ஆக, அந்தச் சோதனைக்கு ஒரு லாட் இருக்கத்தான் செய்தது. நாங்கள் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் வாத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். தன் கையெழுத்து பெங்களூரில் ஒரு கடைச் சுவரில் தொங்கப்போகிறது என்பதைச் சீரணிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு விரல்களை லேசாக முறுக்கிக்கொண்டு, "ஒரே ஒருக்கா, எவ்வளவு நேரம் வருதுன்னு மட்டும்" என்றார்.

"கிட்ட வந்தீங்கன்னா நானும் அலறுவேன்" என்றேன். பெட்டியைப் புடவைகளுக்கு நடுவில் வைத்து பீரோவைப் பூட்டினேன்.

ஒண்ணாந்தேதி ஆபீஸ் வாசலில் முதலில் போய் நின்றது நான்தான். கிருஷ்ணகிரிப் பையனும் வந்தான். மாமா வந்துவிட்டாராம், லேப்டாப்தான் மெட்ராஸ் கஸ்டம்ஸில் நின்றுவிட்டதாம். அங்கேயும் யாரோ சோதித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அன்றே மேடம் என்னை மலைக்கு அனுப்பினார். அஞ்செட்டியில் இறங்கி, துணைக்கு வந்த ஆபீஸ் அம்மாவோடு மேட்டில் நடந்தேன். முதல் வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற ஒரு பெண். மடியில் லேப்டாப்பை வைத்து ஏற்றினேன், ஏற்றியதை வாசித்தேன். பால் மாடு இரண்டு என்றதும் அவள் நிறுத்தினாள். "ஒண்ணு வத்திப்போச்சு, அத ஏன்க்கா பால் மாடுன்னு போடறீங்க? அழிச்சிருங்க" என்றாள். அழித்தேன். அந்த மலையில் முதல் தடவையாக ஒரு பொய் மாடு திரையிலிருந்து போனது. எனக்குள் ஏதோ லேசாகியது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. நான் வீட்டையே மறந்திருந்தேன்.

திரும்பும் பஸ் தேன்கனிக்கோட்டைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் அவர் மொபெட்டோடு நின்றிருந்தார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஷிப்ட் முடியும் முன்பே கிளம்பியிருக்கிறார். சட்டைப் பையில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தார், பேனா செருகியிருந்தார்.

"எவ்வளவு நேரம் வந்துச்சு?" என்றார். பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாக்கலீங்க" என்றேன். "வேலை முடிஞ்சுது."

அவர் பேனாவை எடுக்கப் போன கையைக் கீழே இறக்கினார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். ஓசூருக்குக் கிளம்பினோம். தளி ரோட்டில் ஒரு குழி விடாமல் தேடி இறக்கிய மனிதர், அன்று ஒவ்வொரு குழியையும் சுற்றிக்கொண்டு போனார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். கேட்டிருந்தால் லேப்டாப்புக்காக என்றுதான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.